ஜிப்ஸிக்கு முதலில் எது: லிஃப்டா, டயரா, கியரா?

கட்டபெட்டு_ஜிப்ஸி

வணக்கம். இங்கே நாலு வருடமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இது முதல் பதிவு, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 2009 மாருதி ஜிப்ஸி கிங் (சின்ன 4x4 ஜீப்), அப்பா வாங்கியது. கோத்தகிரிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பறிக்கிற தேயிலையை மேலே தார் ரோடு வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அதன் வேலை. நல்ல பறிப்பு நாளில் 300 கிலோ ஏறும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நண்பர்களோடு, தெரிந்தவர்களின் எஸ்டேட் பாதைகளில் சுற்றுவோம்.

தொல்லை எல்லாம் ஒரே ஒரு வளைவில். கீழிருந்து ஏறி வரும்போது வலது பக்கம் ஒடித்துத் திரும்ப வேண்டும், திரும்பின இடத்திலேயே முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வருகிற உயரத்தில் ஒரு பாறைப் படி. லோ ரேஞ்ச் (மெதுவாக, கூடுதல் இழுவையோடு போகும் 4x4 கியர் நிலை), முதல் கியர் போட்டும் அந்தப் படிக்கு வண்டி வேகமாகத்தான் போகிறது. மெதுவாக்கக் கிளட்சைப் பாதி மிதித்தால் வாடை அடிக்கிறது. அப்படியே விட்டால் முன் சக்கரம் ஒன்றும் பின்னால் எதிர்ப்பக்கச் சக்கரம் ஒன்றும் அந்தரத்தில் சுற்றும், வண்டி நகராது. போன மழையில் மூட்டையை எல்லாம் இறக்கி, ஏற்றிவிட்டு, மறுபடி தலையில் சுமந்து ஏற்றினோம்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. மெக்கானிக் வண்டியின் உடம்பை உயர்த்தும் 4 இஞ்சு லிஃப்டும் 31 இஞ்சு டயரும் போடச் சொல்கிறார். நண்பன் லாக்கர் (அச்சின் இரு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் கருவி) என்கிறான். எல்லாவற்றுக்கும் பணம் பத்தாது. எதை முதலில் செய்வது?

உயரமே_துணை

வாங்க நண்பா! யோசிக்கவே வேண்டாம். ஜிப்ஸியில் பட்டை ஸ்பிரிங் அச்சுக்கு அடியில் தொங்குகிறது. அதை அச்சுக்கு மேலே தூக்கி வைத்தால் கிட்டத்தட்ட 5 இஞ்சு உயரம் சும்மா கிடைக்கும். லிஃப்ட் கிட் வாங்கும் செலவே இல்லை, வெல்டிங் கூலிதான். அதற்கு மேல் 31 இஞ்சு மட் டயர். அந்தப் பாறையை வண்டி கண்டுகொள்ளாது. படம் போட மறக்காதீர்கள்.

(என் மஹிந்திரா தாரில் 33 இஞ்சு டயர் ஓடுகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள்.)

பல்சக்கரம்

நின்று பார்ப்பார்கள் சரி, பாறை வழிவிடுமா?

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. "லோ ரேஞ்ச் முதல் கியரிலும் வேகமாகப் போகிறது" என்கிறீர்கள். அடி இடித்தது என்றோ வயிறு தட்டியது என்றோ ஒரு வார்த்தை இல்லை. அப்படியானால் குறை உயரத்தில் இல்லை, பல்லில் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜிப்ஸியின் கூடப்பிறந்த வண்டி அமெரிக்காவில் சாமுராய் என்ற பெயரில் விற்றது. அதன் எண்கள் எனக்கு மனப்பாடம். முதல் கியர் 3.652, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி) லோ 2.268, டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரத் தொகுதி) 3.727. மூன்றையும் பெருக்கினால் 30.9 வரும். அதாவது எஞ்சின் 31 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. உங்கள் வண்டியின் 205/70 ஆர்15 டயர் சுமார் 668 மி.மீ. விட்டம். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் தானாக ஓடும்போது, ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி மணிக்கு 3.3 கி.மீ. போகும். சமதரையில் இது ஆமை வேகம். ஒடித்துத் திரும்பிப் பாறையில் சக்கரத்தை வைக்கிற இடத்தில் இதுவே அதிகம்.

இப்போது 31 இஞ்சு டயர் போடுகிறீர்கள் என்று வைப்போம். விட்டம் 787 மி.மீ., பழசைவிட 18 சதவீதம் பெரிசு. அதே 800 சுற்றில் 3.8 கி.மீ. வேகம். மெதுவாகப் போக முடியவில்லை என்றுதானே வந்தீர்கள்? இன்னும் வேகமாக்கி, இழுவையையும் குறைத்து, கிளட்சை இன்னும் வதைக்கப் போகிறீர்கள். அந்த 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினிடம் டீசல் இழுவையை எதிர்பார்க்க முடியாது.

இந்தக் குடும்பத்து வண்டிகளுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்சக்கரங்களை மட்டும் மாற்ற செட் கிடைக்கிறது. லோ ரேஞ்சை 4.16 ஆக்கும் செட்தான் பெரும்பாலானோர் போடுவது. அதைப் போட்டால் 30.9 என்பது 56.6 ஆகிவிடும். கொஞ்சம் பெரிய டயர் போட்டாலும் 2 கி.மீ. வேகத்துக்குள் வண்டி நடக்கும். நீங்கள் இறங்கிக் கூடவே நடந்து போய்ப் பார்க்கலாம். (ஓட்டுநர் இருக்கையில் யாராவது இருக்கட்டும்.)

ஆனால் வாங்கும் முன் உங்கள் டிஃபரன்ஷியல் எண்ணை எண்ணிப் பாருங்கள். சாமுராய்க்கும் இங்கே ஓடும் ஜிப்ஸிக்கும், ஏன், ஒரு ஜிப்ஸிக்கும் இன்னொன்றுக்கும் வேறுபடலாம். நடுவில் யாராவது டிஃபரன்ஷியல் கூண்டையே மாற்றியும் இருக்கலாம். வழி சுலபம்: முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். கியர் நியூட்ரல், டிரான்ஸ்ஃபரும் நியூட்ரல். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு, தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் கிரௌன் (டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம்) 10 சுற்றுதான் சுற்றும். ஷாஃப்ட் எத்தனை சுற்றியதோ அதைப் பத்தால் வகுத்தால் உங்கள் எண்.

தேரிமணல்

அண்ணாச்சி சொல்வது சரி. பழைய வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பின் அச்சில் 5.38 போட்டிருப்பான். 43 பல் கிரௌன், அதை ஓட்டும் 8 பல் பினியன். அந்தக் காலத்து எஞ்சினில் குதிரையே இல்லை, பல்லை வைத்தே மலை ஏறினது. அதே பல்லை வைத்துக்கொண்டு நாலு வழிச்சாலையில் போனால் எஞ்சின் அலறும், அது வேறு கதை.

நம்ம ஊர்த் தேரியில் கதை தலைகீழ். செம்மணலில் 2 கி.மீ. வேகத்தில் நடந்தால் அங்கேயே குழி தோண்டி உட்கார்ந்துவிடும். எந்த நிலத்துக்கு என்று கேட்காமல் பாகம் சொல்கிறவனை நம்பாதீர்கள் தம்பி.

அப்புறம், காற்று எவ்வளவு வைத்து ஓட்டுகிறீர்கள்?

கட்டபெட்டு_ஜிப்ஸி

28 பிஎஸ்ஐ. எப்போதும் அதேதான்.

பல்சக்கரம் அண்ணா, இன்று மாலை எண்ணிவிட்டேன். தங்கச்சி ஷாஃப்ட் பக்கம் படுத்துக்கொண்டு கணக்கு வைத்தாள், நான் சக்கரத்தைச் சுற்றினேன். முதல் தடவை எனக்கு 20-ஆ 21-ஆ என்று சந்தேகம் வந்து, அவளிடம் திட்டு வாங்கி, மறுபடி செய்தோம். 20 சுற்றுக்கு ஷாஃப்ட் 40-ஐத் தொடவில்லை, கொஞ்சம் குறைவு. ஆக நாலுக்குச் சற்றுக் கீழே, சரிதானா?

பல்சக்கரம்

சரி. சாமுராய் கணக்கைவிட ஒரு துளி மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். முடிவு மாறாது. தங்கச்சிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

தேரிமணல் கேட்டதைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆள் மட்டும் போகும்போது 18 பிஎஸ்ஐ-க்கு இறக்கி அதே வளைவில் போய்ப் பாருங்கள். டயர் பாறையைப் பிடித்துக்கொள்ளும். மூட்டை ஏற்றின நாளில் இதைச் செய்யாதீர்கள், ரிம் அடிபடும். காற்று அடிக்கும் சின்ன மோட்டார் வண்டியில் இல்லாமல் இறக்கவே கூடாது.

உயரமே_துணை

எல்லோரும் சேர்ந்து என்னை ஓரம்கட்டுகிறீர்கள் :) உயரம் வேண்டாம் என்றால் உலகம் முழுக்க ஏன் லிஃப்ட் போடுகிறார்கள்? கிரௌண்ட் கிளியரன்ஸ் இல்லாமல் ஆஃப்ரோடு உண்டா? 5 இஞ்சு தூக்கினால் அந்தப் படியில் அடிபடாது, சக்கரமும் நன்றாகக் கீழே தொங்கும்.

பல்சக்கரம்

ஓரம்கட்டவில்லை நண்பரே, உங்கள் கேள்வி நியாயமானதுதான்.

வண்டியை எத்தனை இஞ்சு தூக்கினாலும் அச்சின் கூண்டு தரையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும். கட்டை அச்சு (இரு பக்கச் சக்கரமும் ஒரே அச்சில்) வண்டியில் முதலில் இடிப்பது அந்தக் கூண்டுதானே? அதை உயர்த்துவது டயர் மட்டும். அதிலும் டயர் விட்டம் கூடியதில் பாதிதான் கிடைக்கும். 205/70-க்குப் பதில் 215/75 போட்டால் விட்டம் 35 மி.மீ. கூடும், கூண்டு 18 மி.மீ. உயரும். லிஃப்ட் உயர்த்துவது உடம்பை. பெரிய டயர் உரசாமல் இருக்க, வயிறு தட்டாமல் இருக்க அது உதவும். வேண்டாத இடத்தில் வேண்டாதது.

சக்கரம் தொங்கும் என்றீர்கள். பட்டையை மேலே வைத்ததால் பட்டை நீளவில்லை. அதே பட்டை, அதே ஷேக்கிள் (பட்டை நுனியை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கும் இணைப்பு), அதே வளைவு. பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டால் அது முழுதாக இழுபட்டு, இருந்த தொங்கலும் போகும். நானே அப்படி ஒரு வண்டியைப் பார்த்தேன்: தூக்கியது 5 இஞ்சு, ஷாக் மாற்றவில்லை, பிரேக் ஹோஸ் மாற்றவில்லை. ஒரு குழியில் பின் சக்கரம் இறங்கியபோது ஹோஸ் வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. அன்று அறுந்திருந்தால் இறக்கத்தில் பிரேக் இல்லாமல் போயிருக்கும்.

அச்சுக்கு மேலே பட்டை வைத்தால் கூடவே வரும் வேலைகளைச் சொல்கிறேன். ஸ்டீயரிங்கிலிருந்து வரும் கம்பி சாய்ந்துவிடும், குழியில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பும். அதற்கு வளைத்த கம்பி செய்ய வேண்டும். ஷாஃப்ட் கோணம் செங்குத்தாகும், யூஜே கிராஸ் (ஷாஃப்ட் முனையில் உள்ள மூட்டு) சீக்கிரம் தேயும். பினியன் முகத்தைத் திருப்பி வெல்டு செய்ய வேண்டும். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பட்டை எஸ் மாதிரி முறுக்கிக்கொள்ளும், அதற்கு ஒரு தாங்கு கம்பி. வெறும் வெல்டிங் கூலி என்றீர்களே, இதெல்லாம் யார் வீட்டுக் காசு?

இன்னொன்று. ஜிப்ஸியின் சக்கர அகலம் குறைவு. நீலகிரியின் எஸ்டேட் பாதைகள் பாதிக்கு மேல் ஒரு பக்கம் சரிந்தவை. 300 கிலோ இலையை 5 இஞ்சு மேலே தூக்கி வைத்துக்கொண்டு அந்தச் சரிவில் போகச் சொன்னால் நான் இறங்கி நடந்துவிடுவேன்.

கொலுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஆளேற்றிப் போகும் ஜீப்புகளைப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் தூக்கின வண்டி ஒன்றுகூட இல்லை. பல்லும் பழக்கமும்தான்.

உயரமே_துணை

சரி சரி, இந்த ரவுண்டு உங்களுக்கு. ஆனால் 33 டயரைக் கழற்ற மாட்டேன்.

கட்டபெட்டு_ஜிப்ஸி

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லிஃப்ட் பேச்சு வந்ததால் பின் பட்டை எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்று அடியில் படுத்தேன். பார்த்துவிட்டு அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

பட்டைகளுக்கு நடுவில் துரு. சும்மா மேலாகப் பிடித்த துரு இல்லை, அடுக்கடுக்காக உப்பி, எல்லாப் பட்டையும் ஒரே கட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலது பின் பக்கம் இரண்டாவது பட்டை நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே முறிந்திருக்கிறது, முறிந்த இடம் கறுத்துக் கிடப்பதால் முறிந்து ரொம்ப நாள் ஆகியிருக்கும். ஷேக்கிள் புஷ் ரப்பர் கல் மாதிரி. சுத்தியலால் தட்டினால் தூளாகக் கொட்டியது. பின் ஷாக் ஒன்றில் எண்ணெய் வழிந்து புழுதி ஒட்டி மெழுகியது போல இருந்தது. கழற்றிக் கையால் அமுக்கினேன், அமுங்கியது, அப்படியே நின்றது. திரும்பி வரவே இல்லை. எல்லா ஷாக்கும் தானாகத் திரும்பாது என்று தெரியும். ஆனால் இதை மறுபடி இழுத்தபோது பாதி தூரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் வந்தது.

15 வருடமாக இதில்தான் மூட்டை ஏற்றியிருக்கிறேன்.

பல்சக்கரம்

இதைத்தான் எதிர்பார்த்தேன், கேட்கக் கூச்சமாக இருந்தது.

உங்கள் சக்கரம் ஏன் அந்தரத்தில் நிற்கிறது என்று இப்போது புரிகிறதா? பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கினால்தான் ஸ்பிரிங் வளையும். ஒட்டிக்கொண்டால் அது ஸ்பிரிங் இல்லை, கர்டர். கர்டர் வைத்த வண்டியில் ஒரு சக்கரம் ஏறினால் எதிர்மூலைச் சக்கரம் தூக்கத்தான் செய்யும். லாக்கர் வாங்கும் பேச்சை அப்படியே நிறுத்துங்கள்.

மேட்டுப்பாளையத்தில் லாரிப் பட்டை போடும் பட்டறைக்குக் கொண்டு போங்கள். பிரித்து, துருவைச் சுரண்டி, முறிந்ததற்குப் புதுப் பட்டை போட்டு, வளைவு இறங்கியிருந்தால் பழைய வளைவுக்கு மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். "கொஞ்சம் கூட ஏத்தித் தரேன் தம்பி" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ரொம்ப வளைத்த பட்டை விறைப்பாகும். பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ். சென்டர் போல்ட் புதிது, யூ போல்ட் புதிது. பழைய யூ போல்ட்டை மறுபடி போடாதீர்கள், அது ஒரு தடவை நீண்டுவிட்டது. ஓடி இரண்டு நாள் கழித்து மறுபடி இறுக்குங்கள்.

ஷேக்கிள் போல்ட்டைக் கடைசியாக, வண்டி நாலு சக்கரத்தில் தரையில் நிற்கும்போது இறுக்க வேண்டும். ஸ்டாண்டில் தூக்கி வைத்தபடியே இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், இறக்கியதும் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஆறு மாதத்தில் கிழியும். பாதிப் பட்டறைகளில் இதைக் கவனிப்பதில்லை.

நீள ஷேக்கிள் மாட்டித் தருகிறேன் என்றாலும் வேண்டாம். ஷேக்கிள் 2 இஞ்சு நீண்டால் வண்டி 1 இஞ்சுதான் உயரும். முன்னால் போட்டால் காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து, திருப்பின ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது.

ஷாக் வாங்கும் முன் அளவு எடுங்கள். பட்டை சரியான பிறகு, ஷாக் இல்லாமல், ஒரு பின் சக்கரத்தை மேட்டில் ஏற்றி மறுபக்கம் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட்டுக்கு டேப் வையுங்கள். குறைந்த அளவில் ஷாக் அடிமுட்டக் கூடாது, கூடிய அளவில் இழுபட்டு நிற்கக் கூடாது. இரண்டு எண்ணையும் கடைக்காரரிடம் கொடுங்கள். வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் அவர் கையில் இருப்பதுதான் உங்களுக்குப் பொருந்தும்.

வீக்ராஸ்_ராஜபாளையம்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப். பின்னால் பட்டை, காலியாகப் போனால் முதுகு கழன்றுவிடுகிறது. ஒரு பட்டையை எடுத்துவிடலாமா? முன்னால் உயர்த்த 2 இஞ்சு ஸ்பேசர் (காயில் ஸ்பிரிங்கோடு வைக்கும் கட்டை) போடலாம் என்றும் இருக்கிறேன்.

பல்சக்கரம்

பட்டையை எடுத்துவிட்டு என்றாவது ஒரு நாள் சிமெண்ட் மூட்டை ஏற்றினால் மீதிப் பட்டை பழிவாங்கும். காலி வண்டிக்கு முதலில் டயர் காற்றைப் பாருங்கள், பெரும்பாலானோர் சுமைக்கு அடித்த காற்றோடு காலியாக ஓட்டுகிறார்கள். அப்புறம் நல்ல ஷாக். அதற்கும் அடங்கவில்லை என்றால் காலியில் மெல்லிய பட்டைகளும் சுமையில் அடிப்பட்டையும் வேலை செய்கிற மாதிரி செட் கட்டச் சொல்லலாம்.

முன் ஸ்பேசர் தனிக் கதை. உங்கள் வண்டியில் முன்னால் கட்டை அச்சு இல்லை, இரட்டை விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக இரண்டு கை). ஸ்பேசர் காயிலை நீளமாக்குவதில்லை, கையை எப்போதும் கீழே தள்ளி வைக்கிறது. மேலே ஏறும் இடம் கூடும், கீழே தொங்கும் இடம் அதே அளவு குறையும். மொத்த ஆட்டம் அப்படியே. சிவி மூட்டு (முன் சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் மூட்டு) எந்நேரமும் கோணத்தில் சுற்றும், அதன் ரப்பர் பூட் கிழியும், உள்ளே மண் போகும். 2 இஞ்சு எனக்கு அதிகம்.

பாலைவனப்_பயணி

அபுதாபியிலிருந்து. இங்கே லேண்ட் க்ரூசர் 79 பிக்கப் ஓட்டுகிறேன். கம்பெனி வண்டி, ஆனால் வெள்ளிக்கிழமை மணலுக்குப் போக விடுவார்கள். தேரிமணல் சொன்னது நூற்றுக்கு நூறு. மணலில் 4.16 கியர் எனக்கு வேண்டவே வேண்டாம். காற்றை 12-க்கு இறக்கி, ஹை ரேஞ்சில் இரண்டாவது மூன்றாவதில் வேகத்தை விடாமல் போனால்தான் மேடு ஏறும். நின்றால் மண்வெட்டி.

இந்த வண்டியில் ஒரு வேடிக்கை. முன் அச்சைவிடப் பின் அச்சு அகலம் குறைவு. முன் சக்கரம் அமுக்கிப் போட்ட தடத்தில் பின் சக்கரம் வராது, பக்கத்தில் புதிதாக ஒரு தடம் வெட்டிக்கொண்டு வரும். மணலில் அது எஞ்சினைத் தின்னும். இதற்கென்றே பின் அச்சை அகலமாக்கும் செட் விற்கிறது. உங்கள் சின்ன வண்டியைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

உயரமே_துணை

லாக்கரைப் பற்றி நானும் ஒன்று சொல்லட்டுமா? இதில் எனக்கு அனுபவம் உண்டு. என் தாரில் பின்னால் மெக்கானிக்கல் லாக்கர் கம்பெனியிலேயே வந்தது. பட்டன் கிடையாது. ஒரு சக்கரம் மற்றதைவிட நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று கூடச் சுற்றினால் உள்ளே எடைக்கல் விரிந்து தானாகப் பூட்டும். 30 கி.மீ. வேகத்துக்கு மேல் பூட்டாது. முதல் தடவை "டொக்" என்று சத்தம் கேட்டு வண்டி உடைந்துவிட்டது என்று நினைத்தேன்.

இதில் ஒரு சூட்சுமம்: சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் பயந்து காலை எடுத்தால் பூட்டாது. ஒரு நொடி பொறுத்து, சீராகக் கொடுக்க வேண்டும். காற்று லாக்கரில் அந்தத் தொல்லை இல்லை, வேண்டிய இடத்தில் பட்டன். ஆனால் கம்ப்ரசர், குழாய், ஒயர் எல்லாம் உண்டு.

பல்சக்கரம்

நல்ல பதிவு. ஜிப்ஸிக்காரருக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். முன் அச்சில் லாக்கர் போட்டு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டர் மிதித்தால் முன் சிவி மூட்டு உடையும். உங்கள் வளைவு அப்படிப்பட்டதுதான். கியர் செட் போட்டபின் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிறது என்பதையும் மறக்காதீர்கள். எஞ்சினில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் ஷாஃப்ட்டுக்கும் அச்சுக்கும் சுமை கூடிவிட்டது.

ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பெட்டியோடு ஒட்டாமல் தனியாக ரப்பர் மவுண்ட்டில் தொங்குகிறது. அந்த முறுக்கு முதலில் தேடிப் போவது அந்த மவுண்ட்டைத்தான். செட் போடும்போதே மூன்று மவுண்ட் கையையும் ரப்பரையும் பாருங்கள்.

மட்டுறுத்துநர்

பொதுவான நினைவூட்டல்: எஸ்டேட் பாதை என்றால் உரிமையாளரின் அனுமதி. காப்புக்காட்டுக்குள் ஓட்டிய படங்கள் இங்கே வந்தால் நீக்கப்படும், விவாதம் இல்லை.

தேரிமணல்

தம்பி, 2009 வண்டி என்றால் 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கிற நேரமாச்சே? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 5 இஞ்சு தூக்கி 31 போட்ட வண்டியை ஆய்வாளர் முன் கொண்டு நிறுத்தினால் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரரும் அதையேதான் முதலில் கேட்பார்.

கட்டபெட்டு_ஜிப்ஸி

எட்டு மாதம் கழித்து வருகிறேன். கேட்டுவிட்டுக் காணாமல் போனவன் என்று நினைத்திருப்பீர்கள்.

முதலில் பட்டை. மேட்டுப்பாளையத்தில் நாலு செட்டையும் பிரித்துக் கட்டினார்கள். சொன்ன மாதிரியே "கொஞ்சம் கூட ஏத்தட்டுமா" என்று கேட்டார், சிரித்துவிட்டேன். புஷ், யூ போல்ட், ஷாக் எல்லாம் புதிது. ஷாக் அளவு எடுக்கும்போது கூடிய அளவு நான் நினைத்ததைவிடக் கிட்டத்தட்ட இரண்டு விரல் அதிகம் இருந்தது. பெயரைச் சொல்லி வாங்கியிருந்தால் அது இழுபட்டு நின்றிருக்கும்.

அதோடு அந்த வளைவுக்குப் போனேன். டயர், கியர் எதுவும் மாற்றவில்லை. இரண்டு சக்கரமும் தரையிலேயே இருந்தன. பின் சக்கரம் மட்டும் லேசாக ஒரு சுற்று வழுக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அப்பா பின்னால் நடந்து வந்தவர், "இத்தன நாளா இதுக்காடா மூட்டையச் சுமந்தோம்?" என்றார். பதில் சொல்லவில்லை.

ஆனால் கிளட்ச் வாடை போகவில்லை. ஆர்சி புதுப்பித்து முடித்த பிறகு 4.16 செட் வெளிநாட்டிலிருந்து தருவித்தேன். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் பேரிங் இறக்கி ஏற்ற உதவினார். பழைய பல்லையும் புதுப் பல்லையும் மேஜையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. இவ்வளவு சின்ன வித்தியாசமா என்று தோன்றியது, கையில் எடுத்தால் நிறைய. மவுண்ட் ரப்பர் மூன்றில் ஒன்று பிளந்திருந்தது, மூன்றையும் மாற்றிவிட்டோம்.

டயர் தேய்ந்ததும் 215/75 போட்டேன். பொலேரோ அளவு, எந்த ஊரிலும் கிடைக்கிறது, பட்டையைத் தூக்காமலே உள்ளே அடங்குகிறது. முழுக்க ஒடித்தால் மட்டும் லேசாக உரசும்.

இப்போது அந்தப் படியில் ஆக்சிலரேட்டரையும் கிளட்சையும் விட்டுவிட்டுக் காலை மடக்கி உட்காரலாம். முன் சக்கரம் படியில் முட்டும், ஒரு கணம் யோசிக்கும், டயர் மடங்கும், அப்புறம் ஏறும். எஞ்சின் சத்தம் மாறுவதேயில்லை. மூட்டையோடு. ஹை ரேஞ்சும் சற்றுக் கீழே இறங்கிவிட்டதால் மேட்டுப்பாளையம் போய் வரும்போது தார் ரோட்டில் கொஞ்சம் கத்துகிறது. பரவாயில்லை, இது கோவைக்குப் போகிற வண்டி இல்லை.

லாக்கர் வாங்கவில்லை. அந்தப் பணத்தில் தங்கச்சிக்கு ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டியாயிற்று.

ஒரு சந்தேகம் மட்டும். 40 கி.மீ. வேகத்தைத் தாண்டும்போது தரையில் ஒரு நடுக்கம். 55 போனால் கூடுகிறது. கியர் செட் போடுவதற்கு முன் இது இல்லை. சக்கரம் பாலன்ஸ் பார்த்தாகிவிட்டது. செட்டில் ஏதாவது கோளாறா?

பல்சக்கரம்

செட்டைத் திட்டும் முன் ஒரு கேள்வி. டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றியபோது பின் ஷாஃப்ட்டின் சறுக்கு மூட்டை இழுத்துப் பிரித்தீர்களா?

கட்டபெட்டு_ஜிப்ஸி

ஆமாம் அண்ணா, கிரீஸ் வைக்கலாம் என்று பிரித்தேன்.

பல்சக்கரம்

அடியில் படுத்துப் பாருங்கள். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் உள்ள யூஜே கிராஸ் கவடுகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா? ஒரு பல் தள்ளிச் செருகினாலும் நடுங்கும்.

கட்டபெட்டு_ஜிப்ஸி

பார்த்துவிட்டேன். ஒரே கோட்டில் இல்லை. இரண்டு பல் தள்ளியிருக்கிறது. முன்பு 20 சுற்று எண்ணுவதற்காகத் தங்கச்சி போட்ட சாக்பீஸ் கோட்டை அடையாளமாக நம்பி, துடைத்த பிறகு கண் மதிப்பில் செருகியிருக்கிறேன். சரியாகப் போட்டதும் 60 வரைக்கும் நடுக்கம் இல்லை.

பெயிண்ட்டில் போட்டிருக்கலாமே என்கிறாள்.